தறிச் சத்தத்தில் சொன்னது

டெப்ரா தன் மகனின் அறைக் கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றாள். பையனுக்குப் பதினோரு வயது. அவள் பெற்ற பையன், அவள் வாங்கிய வீடு, கையில் அவள் துவைத்து மடித்த அவனுடைய துணிகள். ஆனாலும் பேங்க் மேனேஜர் அறைக்கு வெளியே காத்திருக்கிறவரைப் போல, உள்ளேயிருந்து குரல் வரும்வரை நின்றாள். எனக்குப் பகீரென்றது. "ஜேசனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "இல்லையே, ஏன்?" என்றாள். "கதவைத் தட்டினீர்களே." "ஆமாம். அவன் உள்ளேதான் இருக்கிறான்." அந்தப் பதில் எனக்குப் புரியவில்லை, என் கேள்வி அவளுக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துவைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போனோம்.

சூலூரில் எங்கள் வீட்டில் குளியலறைக்கு மட்டும்தான் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும். மற்ற கதவுகள் பகலெல்லாம் சுவரோடு ஒட்டித் திறந்தே கிடக்கும். யாராவது ஒருக்களித்துச் சாத்தினால்கூடப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். "ஏனுங்க, ஊட்ல எல்லாரும் நல்லாத்தானுங்க இருக்கறீங்க?" நான் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்ததும், அழுததும், முதல் முறை கண்ணாடி முன்னால் நின்று சேலை கட்டிப் பார்த்ததும் எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான். அதனால் எங்கள் வீட்டில் ஒளிவுமறைவே கிடையாது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

டெப்ரா என் மேலதிகாரி. ஒரேகான் மாநிலத்தில் மழை விடாத ஒரு சின்ன ஊரில் எங்கள் கம்பெனி. என்னோடு கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்தவர்கள் பலரும், இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள அமெரிக்கா வந்தவர்கள். நான் வந்தது வேறு வேலைக்கு. குழந்தைகள் இன்டர்நெட்டில் பார்க்கக் கூடாததைப் பார்க்காமல் தடுக்கும் சாப்ட்வேர் ஒன்றை எங்கள் கம்பெனி செய்கிறது. அப்பா அம்மா ஒரு பாஸ்வேர்டு வைத்துவிட வேண்டும். பிள்ளை ஏதாவது ஒரு தளத்துக்குப் போகப் பார்த்தால், அது கூடாத தளமா என்று சாப்ட்வேர் பார்க்கும். கூடாதது என்றால் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்து மறித்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஆனால் எது கூடாதது என்று அந்த சாப்ட்வேருக்கு யார் சொல்வது? தடுக்க வேண்டியதை முதலில் ஒருவர் பார்த்தாக வேண்டுமே. அப்படிப் பார்க்கிறவர்களில் நானும் ஒருத்தி. காலையிலிருந்து மாலை வரை பக்கம் பக்கமாகப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று குறி போடுவேன். எங்கள் மேசைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய் வைத்திருப்பார்கள். மனது கெட்டுப்போனால் எழுந்துபோய் ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்பது கம்பெனியின் விதி. முதல் மாதம் நான் மரங்களையே அதிகம் பார்த்தேன்.

டெப்ராவும் வீட்டில் அதே சாப்ட்வேரைப் போட்டிருக்கிறாள். பையன் எந்தெந்தப் பக்கம் போனான் என்பது அதில் பதிவாகும். திங்கட்கிழமை காலையில் காப்பியோடு உட்கார்ந்து அதை வரி வரியாகப் படிப்பாள். கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவள், கம்ப்யூட்டரைத் தட்டாமலேயே திறக்கிறாளே என்று நினைத்துக்கொள்வேன். வெளியே சொன்னதில்லை.

போன மே மாதம் லீவில் ஊருக்கு வந்தபோது அந்த சாப்ட்வேர் சீடி ஒன்றைக் கொண்டுவந்தேன். அப்பா அம்மா இல்லாத எனக்கு அண்ணன் வீடுதான் வீடு. வீட்டுக்குப் பின்னால், பொடக்காலி என்று நாங்கள் சொல்லும் கொல்லையைத் தாண்டியதும் அண்ணனின் தறிக்குடோன். பவர்லூம் ஓடும் சத்தம் வீட்டுச் சுவரிலேயே இருக்கும். திருப்பூர் பார்ட்டிகள் ஆர்டரையெல்லாம் இமெயிலில் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்று அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி உள் அறையில் வைத்திருந்தான். அதை அவனைவிட அதிகம் ஓட்டியது அவன் மகள் நித்யா. ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகிறவள். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஓரளவு புரோகிராம் எழுதுகிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டியிலிருந்து மிட்டாயை எடுப்பதற்கு முன்னால் சீடியைத்தான் எடுத்தேன்.

"அம்மணி, இதப் போட்டுட்டா அப்பறம் பயமில்லைல்ல?" என்றான் அண்ணன்.

"இல்லீங்ணா. பாஸ்வேர்டு தெரியாம யாரும் தொறக்க முடியாது. மறக்காத மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

அண்ணன் யோசிக்கவே இல்லை. "செல்லாண்டியம்மன்னு போடு."

எங்கள் குலதெய்வம். நான் தயங்கினேன். "வேற ஏதாச்சும்..."

"சாமி பேரப் போயி வேண்டாங்காத கண்ணு," என்றான். அண்ணி சமையலறையிலிருந்தே, "அந்தாத்தாவுக்கு மேல காவலேதுங்க?" என்றாள்.

அந்தப் பெயர் எங்கள் வீட்டுக் கேட்டில் இருக்கிறது. குடோன் போர்டில் இருக்கிறது. பீரோக் கண்ணாடியில் ஸ்டிக்கராக இருக்கிறது. நூல் ஏற்றிவரும் டெம்போவின் நெற்றியில் இங்கிலீஷ் எழுத்தில், மஞ்சள் பெயின்டில் இருக்கிறது. எங்கள் குலக் கூட்டத்தில் பேசத் தொடங்கும் குழந்தைக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்துச் சொல்லித்தருகிற பெயரே அதுதான். அதைத்தான் ரகசியம் என்று தட்டி, சாட் தளங்களையும் சேர்த்துத் தடுத்துவைத்தேன். சாமி பெயரை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. நித்யா கதவோரம் நின்று உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு மாங்காய் கடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மாலை ஒறம்பரையாக, விருந்துக்கு வந்த ஒரு பெரியம்மா, "அமெரிக்காவுல என்ன வேல கண்ணு?" என்று கேட்டார். "கொழந்தைங்க கெட்டதப் பாக்காமப் பாத்துக்கற வேலைங்க பெரிம்மா," என்றேன். பெரியம்மாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "கொழந்த பாக்கற வேலையா? அதுக்கா உங்கண்ணன் ரெண்டு தறிய வித்து இஞ்சினீரு படிக்க வெச்சான்? இங்கயே நாலு கொழந்தைக இருக்குதே, பாத்துப்போட்டுப் போறது!" வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வேலையில் நான் எதை எதைப் பார்க்கிறேன் என்று அந்தக் கூடத்தில் ஒருவரிடமும் சொல்ல முடியாது என்பது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது.

சில நாள் கழித்து, அண்ணன் திருப்பூர் போயிருந்த ஒரு மத்தியானம், போன் அடித்தது. உள் அறையிலிருந்து நித்யா ஓடிவருகிற சத்தம் கேட்டது. நான் பக்கத்தில் இருந்ததால் முந்திக்கொண்டு எடுத்தேன். ஒரு ஆணின் குரல். அண்ணனைவிட வயது கூடிய குரல். நிதானமாக, இங்கிலீஷும் தமிழும் கலந்து, "நித்யாவின் ஃப்ரெண்டு பேசுகிறேன், அவளைக் கூப்பிடுங்கள்," என்றது. "எந்த ஃப்ரெண்டு?" என்றேன். வைத்துவிட்டார்கள்.

"யாருங்கத்தை?" நித்யா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராங் நம்பர்."

"ராங் நம்பர்னா எதுக்குங்கத்தை போனக் கையிலயே வெச்சுட்டு நிக்கறீங்க?"

இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அண்ணி பொடக்காலியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். நித்யா என்னை உள் அறைக்கு இழுத்துப்போய், கதவைச் சாத்தப் போய், சாத்தினால் அம்மா வந்துவிடுவாள் என்று பாதியில் விட்டுவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"மொதல்ல பொண்ணுன்னுதாங்கத்தை சொன்னா. பேரு பிரியா, பெங்களூராம், அவளும் ஒம்பதாவதுதானாம். சாட்ல தெனமும் பேசுவோம். என்ற ஸ்கூல் பேரு, ஊட்டு போன் நம்பரு எல்லாங் குடுத்துப்போட்டேன். ஒரு நா போன் வந்துச்சு. எடுத்தா ஆம்பளக் கொரல். நாந்தான் பிரியான்னு சொல்லிச் சிரிக்கறாங்க."

"அப்பறமும் எதுக்குக் கண்ணு பேசுனே? நாந்தான் சாட்டத் தடுத்துட்டேனே?"

"தொறந்துட்டேனுங்க. நம்ம டெம்போலயே எழுதியிருக்குதுங்களே." சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. "சாட்ல வரலைன்னா ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் கேட்டுக்கே வந்து நிப்பேன்னாங்க. அதான் தொறந்து பேசிட்டே இருக்கறேன். பேசிட்டிருந்தா வரமாட்டாங்கல்ல?"

அமெரிக்காவில் குறி போட்டுக் குறி போட்டு நான் கட்டிக்கொண்டிருந்த வேலி இதுதான். ஆள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு போட்ட வேலி. உள்ளே இருக்கிற பிள்ளைக்கு அது இன்னொரு பூட்டாகத்தான் ஆகியிருக்கிறது. அவள் ஆசைப்பட்டு அதைத் திறக்கவில்லை, பயந்துபோய்த் திறந்திருக்கிறாள்.

"அப்பாகிட்ட சொல்லோணும்," என்றேன்.

"வேண்டாங்கத்தை." என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கம்ப்யூட்டரத் தூக்கிப் பரண்ல போட்டிருவாங்க. பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் குரூப்பே வேண்டாம்பாங்க. எல்லாரும் என்னையத்தான் கேப்பாங்க, நீ எதுக்குடி பேசுனேன்னு."

அவள் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையின் பெயரை வெளி ஆண் ஒருவன் போனில் சொல்லிக் கேட்டால், விசாரணை அவனிடம் தொடங்காது. அதை யோசித்து ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்தேன். ஆனால் அடுத்த வாரம் எனக்கு விமானம். நான் போன பிறகு அந்தப் போனை யார் எடுப்பது? ஜூனில் அந்தக் கேட்டில் யார் நிற்பது? மறுநாளும் மணி அடித்தது. நித்யா தம்ளரை வைத்துவிட்டுப் போனை எடுக்க எழுந்ததும், அவளைத் தடுத்து, "குடோனுக்குப் போலாமா?" என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

தறிக்குடோன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறி ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே படித்துக்கொள்வார். நடக்கப் பழகும்போதே எங்களுக்கு அது வந்துவிடும். கதவில்லாத எங்கள் வீட்டில், வீட்டுக்குள் பேச முடியாத பேச்சு எல்லாம் அங்கேதான் பேசப்பட்டது. எவ்வளவுக்கு எவ்வளவு இரைச்சலோ அவ்வளவுக்கு அவ்வளவு பத்திரம். அமெரிக்கா போக ஆசை என்று நான் அண்ணனிடம் சொன்னதும் அங்கேதான், தறியில் கட்டிய பாவு நூல்களுக்கு இந்தப் பக்கம் நின்று. அண்ணனின் உதடு "போயிட்டு வா" என்று அசைந்தது. இன்றைக்கும் எனக்கு அது சத்தமில்லாத ஞாபகமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் அண்ணன் குடோனின் மூலைச் சுவரோரம் நின்று நூல் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். தறி ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் அந்தக் கோடியில் இருந்தார்கள். நித்யா அவர்களுக்கு முதுகு காட்டி, அப்பாவுக்கு நேரே போய் நின்றாள். நான் அவளுக்குப் பக்கவாட்டில் நின்றேன். அவள் உதடு அசையத் தொடங்கியது. அண்ணன் முதலில் சிரித்த முகமாகத்தான் படித்தான். பிறகு சிரிப்பு மட்டும் மறந்துபோய் முகத்தில் தங்கியிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

அப்போது கரண்ட் போய்விட்டது.

தறிகள் ஒவ்வொன்றாகத் தடதடத்து நின்றன. காதுக்குள் அடைத்தாற்போல ஒரு மௌனம். நித்யாவின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. அந்தக் கோடியிலிருந்து ஒருவர், "ஏனுங்க மொதலாளி, பாப்பா என்னமோ கேக்குதாட்ட இருக்குது, பரோட்டாவுக்குக் காசுங்களா?" என்று கிண்டலாகக் குரல் கொடுத்தார். பாதி சொல்லியாகிவிட்டது. மீதியைச் சத்தத்தில்தான் சொல்ல முடியும், அமைதியில் சொல்ல முடியாது. வெளியே ஓடிப்போய்விடுவாளோ என்று பயந்தேன். ஓடினால் மறுபடி எப்போதும் சொல்ல மாட்டாள்.

அண்ணன் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, மிகச் சாதாரணமாகச் சொன்னான். "கரண்டு வரட்டும் கண்ணு. நான் எங்கயும் போகல, இங்கதான் நிக்கறேன்."

நின்றான். அவளும் நின்றாள். வியர்வை வழிய மூன்று பேரும் அந்த அமைதியில் நின்றுகொண்டிருந்தோம். கரண்ட் வந்து, ஆட்கள் தறிகளைக் கிளப்பி, இரைச்சல் பழையபடி நிறைந்ததும் நித்யா விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினாள். முடித்தபோது கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. அண்ணன் ஆட்களுக்குத் தெரியாதபடி துண்டைக் கன்னத்தோரம் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அவளிடம் என்னவோ சொன்னான். அவள் தலையை ஆட்டினாள்.

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில்தான் நின்றேன். உதடு அசைவது தெரிந்தது, படிக்க வரவில்லை. அமெரிக்காவில் இருந்த மூன்று வருஷத்தில் ஒரு பாஷை போய்விடுமா? போயிருந்தது. என் அண்ணனின் வாயையே, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மரத்தைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அண்ணன் எங்கேயும் போகவில்லை. போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மணி அடித்ததும் எடுத்தான். "ஏனுங்க, நான் நித்யாவோட அப்பாவுங்க. நீங்க யாருங்க? ... ஃப்ரெண்டுங்களா? சந்தோசமுங்க. ஸ்கூல் கேட்டுக்கு வாரேன்னீங்களாமா? வெயில்ல அங்க எதுக்குங்க நிக்கறீங்க, ஊட்டுக்கே வாங்க. அட்ரஸ் சொல்றனுங்க, எழுதிக்கறீங்களா? எந்நேரம் வந்தாலுஞ் செரீங்க, நான் ஊட்லதான் இருப்பேன். இங்க தறிக்கார ஆளுக எல்லாருமே இருப்பாங்க. வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க." இவ்வளவுக்கும் குரல் உயரவே இல்லை. ஒவ்வொரு 'ங்க'வும் ஒரு ஆணி இறங்குவதைப் போல இறங்கியது. அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

அண்ணன் அதோடு நிற்கவில்லை. போன் நம்பரை மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தான். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையின் வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டு வந்தான். அண்ணியிடம் அவனே சொன்னான். அண்ணி ஒரு பொழுது முழுக்க மகளோடு பேசவில்லை. பேசியபோது, "எங்கிட்டச் சொல்றதுக்கென்னடி?" என்று ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்தக் கேள்வி அந்த வீட்டில் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டரை அண்ணன் பரணில் போடவில்லை. அதை உள் அறையிலிருந்து தூக்கிவந்து, எல்லாரும் நடமாடுகிற கூடத்தில் வைத்தான். பாஸ்வேர்டை நித்யாவையே மாற்றச் சொன்னான். அவள் மாற்றிவிட்டு அப்பாவைக் குடோனுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். சாப்ட்வேர் கொண்டுவந்த எனக்கு இன்றைக்கும் அது தெரியாது.

கோயமுத்தூர் பீளமேட்டில் விமானம் ஏறப் போன அன்று, நித்யாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அன்னிக்குக் குடோன்ல அப்பா என்ன கண்ணு சொன்னாங்க?"

"நீங்களுந்தானே நின்னீங்க?" என்றாள் ஆச்சரியமாக. பிறகு சொன்னாள். "ரொம்பப் பயந்துட்டயா சாமின்னு கேட்டாங்க. அவ்ளோதானுங்கத்தை."

'அந்த சாப்ட்வேர் எங்கே கிடைக்கும், எங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது' என்று ஊரிலிருந்தும், இங்கேயுள்ள நம்மவர்களிடமிருந்தும் எனக்குக் கேள்விகள் வருகின்றன. வாங்குங்கள். நாங்கள் பார்த்து ஒதுக்கியதை உங்கள் பிள்ளைகள் பார்க்காமல் இருப்பது நல்லதுதான், அதற்காகத்தான் நான் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்கு 'நில்' என்று சொல்லத்தான் தெரியும். 'பயந்துட்டயா' என்று கேட்க அதற்கு வாய் இல்லை. அதை நாங்கள் எழுதவில்லை, எழுதவும் முடியாது. சொல்லுவதற்கு ஒரு இடம் பிள்ளைக்கு வீட்டில் இருக்கிறதா என்று, சீடியைப் போடுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். தறிக்குடோனாக இருந்தாலும் சரி.

திரும்பி வந்ததும் டெப்ரா, "இந்தியாவில் நம் சாப்ட்வேர் எப்படி வேலை செய்தது?" என்று ஆவலாகக் கேட்டாள். முழுக்கச் சொன்னேன். போன், கரண்ட், தறி, உதடு எல்லாம். உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, மெதுவாக, மிகுந்த பரிவோடு கேட்டாள். "அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காதா?" "கேட்கும்," என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் மறுபடி அவள் வீட்டில் சாப்பாடு. "ஜேசனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாயா?" என்று என்னை மாடிக்கு அனுப்பினாள். கதவு மூடியிருந்தது. உள்ளே பாட்டு அலறிக்கொண்டிருந்தது, கதவுப் பலகையில் கை வைத்தால் அதிர்வு தெரிந்தது. கை அதைத் தறிக்குடோன் என்று எண்ணிக்கொண்டுவிட்டதோ என்னவோ, அப்படியே நின்றுவிட்டேன். பிறகு தட்டினேன், இந்த ஊர் வழக்கப்படி, மரியாதையாக. தட்டும்போதே, நான் நினைக்காமலேயே, என் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. சாப்பிட வா கண்ணு. மூடிய கதவுக்கு முன்னால், யாரும் படிக்க முடியாதபடி, மறுபடியும் ஒரு முறை அசைந்தது.